டெம்ப்ளேட் மெனுவை அப்படியே வெச்சுக்காதீங்க: பனியன் கம்பெனி வெப்சைட்டுக்குப் பக்க அமைப்பு

திருப்பூர்ல ஒரு கம்பெனி புதுசா வெப்சைட் போடுதுன்னு வெச்சுக்குங்க. டொமைன் வாங்கியாச்சு, ஹோஸ்டிங் எடுத்தாச்சு, வேர்ட்பிரஸ் போட்டு நல்ல டெம்ப்ளேட் ஒண்ணும் ஏத்தியாச்சு. திறந்து பார்த்தா மேல மெனு தயாரா நிக்குது: ஹோம், அபௌட், சர்வீசஸ், போர்ட்ஃபோலியோ, பிளாக், கான்டாக்ட். உடனே அந்த ஆறு டப்பாவுக்குள்ள நம்ம கம்பெனியை அடைக்க ஆரம்பிச்சுடறோம். டி-ஷர்ட் போட்டோ எல்லாம் போர்ட்ஃபோலியோவுக்குள்ள போயிடுது. நிட்டிங்கும் பிரிண்டிங்கும் சர்வீசஸ்ல. சர்டிபிகேட்டை எங்க வைக்கறதுன்னு தெரியாம அபௌட் பக்கத்தோட அடியில ஒட்டிடறோம். பிளாக் பக்கத்துல, வேர்ட்பிரஸ் தானா போட்டு வெச்ச 'ஹலோ வேர்ல்ட்' பதிவு வருஷக்கணக்கா தனியா கிடக்குது.

அந்த மெனு டிசைன் ஸ்டூடியோக்காரங்களையும் போட்டோகிராபர்களையும் மனசுல வெச்சுப் போட்டது. அவங்ககிட்ட வர்ற ஆள், 'இதுக்கு முன்னாடி என்ன வேலை செஞ்சிருக்கீங்க'ன்னு கேட்பாரு. அவருக்குப் போர்ட்ஃபோலியோ சரி. நம்மகிட்ட வர்ற பையர் கேக்கறது வேற: என்ன துணி, எத்தனை ஜி.எஸ்.எம்., குறைஞ்சது எத்தனை பீஸ், டையிங் எங்க பண்றீங்க, எந்த சர்டிபிகேட் இருக்கு. இந்தக் கேள்விகளை வெச்சு மெனுவை எப்படிக் கட்டறது, வேர்ட்பிரஸ்ல அதுக்கு எங்க போய் எதைத் தொடணும், இது ரெண்டும்தான் இந்தக் காணொளி.

மெனுவுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமான்னு சில பேர் நினைக்கலாம். திருப்பூர் ஏற்றுமதியோட கதையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. 1978-ல வெரோனாங்கற இத்தாலிக்காரர் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமா நம்ம ஊரைப் பத்திக் கேள்விப்பட்டு, வெள்ளை டி-ஷர்ட் வாங்க நேர்லயே வந்தாரு. 1981-ல சி அண்ட் ஏங்கற ஐரோப்பியக் கடைத்தொடர் உள்ள வந்துச்சு. அன்னைக்கு பையர் ஃபேக்டரி வாசல்ல வந்து இறங்குவாரு. நாம கூடவே நடந்து கட்டிங்கைக் காட்டலாம், செக்கிங் டேபிளைக் காட்டலாம். 2024-25 நிதியாண்டுல திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டுச்சு. இன்னைக்குப் புதுசா வர்ற பையர் முதல்ல வந்து இறங்கறது நம்ம வெப்சைட்லதான். கூட நடந்து வழி காட்ட அங்க யாரும் கிடையாது, மெனு மட்டும்தான். 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்ப, அந்த ஒரு மார்க்கெட்டையே நம்பியிருந்தவங்க வேற நாட்டுப் பையர்களைத் தேடி ஓட வேண்டி வந்துச்சு. அதே வருஷம் ஜூலை 24-ல பிரிட்டனோட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அந்தப் புதுப் பையர்களுக்கு நம்ம பேரே தெரியாது. அவங்க கேள்விக்கு நம்ம சைட் சட்டுனு பதில் சொல்லணும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். இதுல குழம்பறவங்கதான் அதிகம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பக்கம், முகவரி, மெனு. இது மூணும் தனித்தனி.

(திரையில்: மூன்று கட்டங்கள், தனித்தனியாக)

பக்கம்னா நீங்க 'பேஜஸ்'ல போய் புதுசா சேர்த்து எழுதறது. அதைப் பப்ளிஷ் பண்ணினதும் அது இன்டர்நெட்ல இருக்கு, மெனுவுல சேர்த்தாலும் சேர்க்காட்டியும். முகவரிங்கறது யு.ஆர்.எல். அந்தப் பக்கத்துக்கு நீங்க கொடுக்கற ஸ்லக், அதுக்குத் தாயா எந்தப் பக்கத்தை வெச்சிருக்கீங்க, இந்த ரெண்டையும் பொறுத்து அது அமையும். மெனு வெறும் சுட்டிகளோட வரிசைதான்.

இதனால என்ன ஆகும்னா, மெனுவுல ஒரு வரியை மேல கீழ நகர்த்தினா முகவரி மாறாது. அந்த வரியை 'ரிமூவ்' பண்ணினாலும் பக்கம் அழியாது. மூணு வருஷத்துக்கு முந்தின ரேட் லிஸ்ட்டை மெனுவுலருந்து எடுத்துட்டு, 'தூக்கியாச்சு'ன்னு நிம்மதியா இருக்கறவங்க உண்டு. கூகுள்ல தேடுற வியாபாரிக்கு அந்தப் பழைய ரேட் இன்னும் கண்ணுல படும். ஆனா பக்கத்தோட 'பேரன்ட்'டை மாத்தினா உடனே முகவரியே மாறிடும், நீங்க ஏற்கெனவே பையருக்கு அனுப்பின லிங்க் உடைஞ்சு போகலாம். மெனுவை நினைச்சப்போ மாத்தலாம். பேரன்ட்லயும் ஸ்லக்லயும் ஆரம்பத்துலயே நல்லா யோசிச்சுக் கை வைக்கணும், அப்புறம் தொடக் கூடாது.

அதனால கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு ஒரு பேப்பரை எடுங்க. மார்க்கர் போட்டுப் பார்க்காம யாரும் துணிமேல கத்தி வைக்கறதில்லை, அதுபோலத்தான் இதுவும். பேப்பர்ல முதல்ல எழுத வேண்டியது உங்க சைட்டுக்கு யார் வருவாங்கன்னு. ஏற்றுமதி கம்பெனின்னா வெளிநாட்டுப் பையர், இங்க இருக்கற பையிங் ஹவுஸ் மெர்ச்சண்டைசர், ஆடிட்டர், அப்புறம் வேலை தேடி வர்றவங்க. உள்நாட்டு வியாபாரம்னா வேற கூட்டம்: காதர்பேட்டைக்கு வந்து சரக்கு எடுக்கற வெளியூர் கடைக்காரர், ஆன்லைன்ல விக்கறதுக்கு நூறு இருநூறு பீஸ் கேக்கற இளைஞர். இவங்க ஒவ்வொருத்தரும் போன்ல உங்ககிட்ட முதல்ல கேக்கற கேள்வி என்னன்னு எழுதுங்க. இதுக்கு முதலாளி தேவையில்லை. ஆபீஸ்ல போன் எடுக்கறவங்களைக் கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும். தினமும் பத்து பேருக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவங்களுக்கு மனப்பாடமாயிருக்கும்.

அந்தக் கேள்விகளை வெச்சு ஏற்றுமதி கம்பெனிக்கு நான் போடுற மரம் இப்படி இருக்கும். ப்ராடக்ட்ஸ். ஃபேக்டரி. சஸ்டெயினபிலிட்டி. கம்பெனி. கான்டாக்ட். கடைசியா, தமிழ் எழுத்துலயே, 'வேலைவாய்ப்பு'. ஹோமுக்குத் தனியா ஒரு வரி வேண்டாம், லோகோவைத் தொட்டா முகப்புக்குப் போகணும், அது எல்லாருக்கும் பழகின விஷயம்.

மெனுவுல ஏழு வரிக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு விதி சொல்லுவாங்க. 1956-ல ஜார்ஜ் மில்லர்ங்கற உளவியலாளர் எழுதின கட்டுரையைக் காட்டுவாங்க. அவர் எழுதினது மனசுல எத்தனை விஷயத்தை ஒரே நேரத்துல வெச்சுக்க முடியும்னு. மெனு கண்ணு முன்னாடியே இருக்கு, மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. அதனால அந்த எண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. லேப்டாப் திரையில ஒரே வரியில அடங்கணும், அவ்வளவுதான் என் கணக்கு.

ப்ராடக்ட்ஸ்ல ஒரு சண்டை எப்பவும் வரும். ஆண்கள், பெண்கள், குழந்தைகள்னு பிரிக்கறதா? டி-ஷர்ட், போலோ, ஹூடின்னு பிரிக்கறதா? இல்லை சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக், பிக்கேன்னு துணியை வெச்சுப் பிரிக்கறதா? நம்ம ஊர்க்காரங்களுக்கு மூணாவதுதான் இயல்பா வரும், ஏன்னா நாம துணியிலருந்து யோசிக்கறவங்க. ஆனா தேடுறவர் உடுப்பைத்தான் தேடுறாரு. 'போலோ டி-ஷர்ட் மேனுஃபாக்சரர் திருப்பூர்'னுதான் கூகுள்ல அடிப்பாரு. அதனால உடுப்பு வகையை முதல் கிளையா வைங்க. துணி விவரம் அந்தப் பக்கத்துக்குள்ள வரட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும், ஆனா அந்தப் பக்கத்துக்கு எத்தனை இடத்துலருந்து வேணும்னாலும் சுட்டி கொடுக்கலாம். 'குழந்தைகள் உடுப்பு'ன்னு தனிப் பக்கம் போட்டு, அதுலருந்து போலோ பக்கத்துக்கும் வழி விடலாம். தப்பே இல்லை.

எட்டு வகை உடுப்புதான் செய்யறீங்கன்னா மூணு அடுக்கு வேண்டாம். ஒரு கிளைக்கு அடியில ரெண்டு மூணு பக்கமாவது இல்லைன்னா அந்தக் கிளையைத் திறக்காதீங்க. திறந்து உள்ள போனா ஒரே ஒரு போட்டோ, 'கமிங் சூன்'னு ஒரு வரி. அதைப் பார்த்த பையர் ஃபேக்டரியும் அப்படித்தான் இருக்கும்னு முடிவு பண்ணிடுவாரு.

ஒரு போலோ பக்கத்தைக் கிட்டத்துல பார்க்கலாம்.

(திரையில்: போலோ டி-ஷர்ட் பக்கத்தின் மாதிரி, மேலிருந்து மெல்ல நகர்கிறது)

மேல மெனுவுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு பாருங்க: 'ஹோம், ப்ராடக்ட்ஸ், போலோ'. இதுக்கு பிரெட்கிரம்ப்னு பேரு. கூகுள்ல தேடி வர்றவர் முகப்பு வழியா வரமாட்டாரு, நேரா இந்தப் பக்கத்துக்குள்ள குதிப்பாரு. அவர் எங்க நிக்கறாருன்னு சொல்றது இந்த வரிதான். நிறைய டெம்ப்ளேட்ல இது இருக்கும், இல்லைன்னா யோஸ்ட் மாதிரி எஸ்.இ.ஓ. ப்ளக்-இன் கொடுக்கும். அதுக்குக் கீழ போட்டோ. பக்கத்துலயே விவரம்: பிக்கே, 100 சதவீதம் காட்டன், 220 ஜி.எஸ்.எம்., காலரும் கஃப்பும் ஃப்ளாட் நிட், என்னென்ன சைஸ், ஒரு கலருக்குக் குறைஞ்சது எத்தனை பீஸ், சாம்பிள் எத்தனை நாள்ல. இதுக்குக் கீழ மூணு சுட்டி. ஒண்ணு, இந்தத் துணிக்கு எந்த சர்டிபிகேட் பொருந்தும்னு சொல்ற பக்கத்துக்கு. இன்னொண்ணு, இதுமேல என்னென்ன பிரிண்டிங், எம்பிராய்டரி பண்ணலாம்ங்கற பக்கத்துக்கு. மூணாவது என்கொயரி பட்டன், அதைத் தொட்டா ஃபார்ம்ல 'போலோ'ன்னு தானா நிரம்பியிருக்கணும். மேல இருக்கற மெனுவுக்குத் திரும்பிப் போகாமயே அடுத்த கேள்விக்கு அவர் போகணும். நேவிகேஷன்னா மேல இருக்கற பட்டை மட்டும்தான்னு நினைச்சா இந்தச் சுட்டிகளை விட்டுடுவோம். உண்மையான வழிகாட்டல் பாதி இங்கதான் நடக்குது.

அடுத்தது சஸ்டெயினபிலிட்டி. இதை மேல் மெனுவுலயே வைக்கணும்னு நான் பிடிவாதமா சொல்லுவேன். காரணம் இந்த ஊரோட வரலாறு. சாயக்கழிவு நொய்யல்ல கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போய், விவசாயிகள் வருஷக்கணக்கா வழக்கு நடத்தினாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. பட்டறைகள் மூடிக் கிடந்துச்சு, வேலை போச்சு, ஆர்டர் போச்சு. அதுக்கப்புறம் ஜீரோ டிஸ்சார்ஜ் இருந்தாத்தான் பட்டறை ஓடும்னு ஆயிடுச்சு. கழிவுத் தண்ணியை ஆர்.ஓ.-வுல ஓட்டி, மிஞ்சினதை எவாப்பரேட்டர்ல காய்ச்சி, தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுத்து உபயோகிக்கற முறை. இதுக்கு இந்த ஊர் பெரிய விலை கொடுத்திருக்கு. முதல்ல விவசாயிகள் கொடுத்தாங்க, அப்புறம் பட்டறைக்காரங்களும் தொழிலாளர்களும் கொடுத்தாங்க. ஒரு ஜெர்மன் பையர், 'உங்க டையிங் தண்ணி எங்க போகுது'ன்னு கேட்டா, திருப்பூர்க்காரங்ககிட்ட நேரான பதில் இருக்கு. அந்தப் பதிலைக் கொண்டுபோய் அபௌட் பக்கத்துல நாலாவது பத்தியில ஒளிச்சு வைக்கறது ரொம்ப வருத்தமான விஷயம்ங்க.

அதனால சஸ்டெயினபிலிட்டிக்கு அடியில ரெண்டு பக்கம். ஒண்ணு தண்ணி: உங்க துணி எந்தப் பட்டறையில சாயம் ஏறுது, அது எந்தப் பொது சுத்திகரிப்பு நிலையத்துல சேர்ந்தது, எப்படி சுத்திகரிக்கறாங்க. கரண்டுக்குக் காத்தாலையோ சோலாரோ இருந்தா அதையும் இங்கயே சொல்லுங்க. இன்னொண்ணு சர்டிபிகேட். ஜி.ஓ.டி.எஸ்., ஓகோ-டெக்ஸ், எஸ்.ஏ. 8000 எது இருக்கோ எல்லாம் ஒரே பக்கத்துல, பேரு, சர்டிபிகேட் நம்பர், எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு எழுத்துல. வெறும் லோகோ படத்தை வரிசையா ஒட்டாதீங்க. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 மாதிரி சர்டிபிகேட் ஒரு வருஷம்தான் செல்லும். புதுப்பிச்சதும் அதே பக்கத்துல தேதியை மாத்துங்க. ஒவ்வொரு வருஷமும் புதுப் பக்கம் போட்டா பழைய லிங்க்கை வெச்சிருக்கற ஆடிட்டர் காலாவதியான காகிதத்தைத்தான் பார்ப்பாரு.

'வேலைவாய்ப்பு' பத்தி ஒரு வார்த்தை. சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங், கைமடிக்க ஆள் தேவைன்னு கம்பத்துல தட்டி கட்டறோம். இங்கிலீஷ் சைட்ல 'கேரியர்ஸ்'னு ஒரு வரி வெச்சா அந்த ஆளுங்க தொடமாட்டாங்க. மெனுவுலயே தமிழ்ல எழுதுங்க. உள்ள இருக்கற பக்கமும் தமிழ்ல இருக்கட்டும், ஒடிசாவுலருந்தும் பீகார்லருந்தும் ஆள் எடுக்கறீங்கன்னா இந்தியிலயும் ஒரு பக்கம். ஷிஃப்ட் நேரம், பஸ் வசதி, தங்கற இடம், யாருக்குப் போன் பண்றது. அவங்களும் நம்ம சைட்டுக்கு வர்ற விருந்தாளிங்கதான், பையருக்குக் கொடுக்கற அதே மரியாதை இவங்களுக்கும் வேணும்.

இப்ப வேர்ட்பிரஸ்ஸைத் திறக்கலாம்.

(திரையில்: வேர்ட்பிரஸ் டாஷ்போர்டு)

காசு கொடுத்து வாங்கின டெம்ப்ளேட்னா 'டெமோ இம்போர்ட்' பண்ணியிருப்பீங்க. அது பத்திருபது பக்கத்தைக் கொட்டியிருக்கும், எல்லாத்துலயும் அர்த்தமில்லாத லத்தீன் எழுத்து. முதல் வேலையா பேஜஸ்ல போய் வேண்டாததை எல்லாம் ட்ராஷ் பண்ணுங்க. வேர்ட்பிரஸ்ஸே போட்டு வெச்ச 'சாம்பிள் பேஜ்'ஜையும் சேர்த்து. அப்புறம் செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ், 'போஸ்ட் நேம்'. முகப்புப் பக்கத்தைப் பப்ளிஷ் பண்ணினதும், அதே செட்டிங்ஸ்ல ரீடிங், 'எ ஸ்டாட்டிக் பேஜ்', அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்க.

பேப்பர்ல எழுதின மரத்தை வெச்சு இப்ப எல்லாப் பக்கத்தையும் வெறுமனே தலைப்போட உருவாக்குங்க. உள்ள என்ன எழுதறதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம். தாய்ப் பக்கத்தை மட்டும் பப்ளிஷ் பண்ணிடுங்க, இல்லைன்னா 'பேரன்ட்' பட்டியல்ல வராது, மத்தது அதுவரைக்கும் டிராஃப்ட்லயே இருக்கட்டும். முதல்ல தாய்ப் பக்கம் 'ப்ராடக்ட்ஸ்'. அடுத்து 'போலோ', வலது பக்கப் பட்டையில 'பேரன்ட்'னு இருக்கும், அதுல 'ப்ராடக்ட்ஸ்'.

ஸ்லக்ல ஒரு எச்சரிக்கை. தலைப்பைத் தமிழ்ல கொடுத்தா ஸ்லக்கும் தமிழ்லயே வந்துடும். பிரவுசர்ல பார்க்க அழகா இருக்கும். அதை நகலெடுத்து ஈமெயில்ல ஒட்டினா நிறைய நேரம் சதவீதக் குறியும் எண்ணும் கலந்த நீள வால் ஆயிடும். தமிழ் எழுத்தோட ஒவ்வொரு குறியீடும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூணு எழுத்து. 'பனியன்'னு நாலு எழுத்துச் சொல்லுல, இகரக் குறியையும் புள்ளியையும் சேர்த்தா ஆறு குறியீடு, அது 54 எழுத்தா நீளும். பாதியில உடைஞ்சு போக வாய்ப்பு அதிகம். பக்கத்தைத் தமிழ்ல தாராளமா எழுதுங்க, ஸ்லக்கை மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல கையால மாத்திடுங்க.

பக்கங்களை எழுதிப் பப்ளிஷ் பண்ணினதும், இனி மெனு. இடது பக்கம் 'அப்பியரன்ஸ்'க்குக் கீழ 'மெனுஸ்' இருக்கா பாருங்க. 2010-ல வந்த 3.0 பதிப்புலருந்து இருக்கற வசதி இது. இருந்தா அதுல போய் புது மெனுவுக்கு ஒரு பேரு வெச்சு, இடது பெட்டியில பக்கங்களை டிக் பண்ணி 'ஆட் டு மெனு'. போலோவை மவுசால பிடிச்சு லேசா வலது பக்கம் இழுத்து விடுங்க, 'சப் ஐட்டம்'னு காட்டும். அப்படின்னா அது ப்ராடக்ட்ஸுக்கு அடியில தொங்கும். கீழ 'டிஸ்ப்ளே லொகேஷன்'ல 'பிரைமரி'யை டிக் பண்ணாம விட்டா என்ன சேவ் பண்ணினாலும் சைட்ல தெரியாது, நிறைய பேர் இங்கதான் தவிக்கறாங்க. அதே இடத்துல 'புதுப் பக்கங்களைத் தானா சேர்'ங்கற மாதிரி ஒரு டிக் பெட்டி இருக்கும், அதுல டிக் விழுந்திருந்தா எடுத்துடுங்க.

'மெனுஸ்' இல்லைன்னா உங்க டெம்ப்ளேட் பிளாக் (block) தீம். 2022 ஜனவரியில வந்த 5.9 பதிப்புக்கு அப்புறம் புதுத் தீம் நிறைய இப்படித்தான். 'அப்பியரன்ஸ்', 'எடிட்டர்', 'நேவிகேஷன்' அப்படின்னு போகணும். நீங்க எதுவும் செய்யலைன்னா இது பப்ளிஷ் ஆன எல்லாப் பக்கத்தையும் மெனுவுல கொட்டிடும். 'எடிட்' கொடுத்து அதைப் பிரிச்சா ஒவ்வொரு வரியையும் நகர்த்தவும் எடுக்கவும் முடியும்.

கீழே விழற மெனுவுல மேல் வரி எங்கயும் போகாம வெறும் தலைப்பா நிக்கற மாதிரி சில டெம்ப்ளேட்ல இருக்கும். செய்யாதீங்க. 'ப்ராடக்ட்ஸ்'ஸைத் தொட்டா உண்மையிலயே ஒரு ப்ராடக்ட்ஸ் பக்கம் திறக்கணும், அதுல எல்லா உடுப்பும் படத்தோட இருக்கணும். மவுஸ் இல்லாத போன்ல கீழே விழற மெனு நிறைய நேரம் சரியா விழாது.

போன்னு சொன்னதும் மூணு கோடு பட்டன் ஞாபகம் வரும். 1981-ல ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ்ங்கறவர் வரைஞ்ச குறி, இன்னைக்கு எல்லாப் போன்லயும் இருக்கு. டெம்ப்ளேட் தானா மெனுவை அதுக்குள்ள மடிச்சுடும். மடிக்கட்டும், ஆனா ரெண்டு விஷயத்தை அதுக்குள்ள போக விடாதீங்க: வாட்ஸ்அப் பட்டன், ப்ராடக்ட்ஸ். காதர்பேட்டைக்கு வர்ற வியாபாரி பஸ்ல உக்காந்துக்கிட்டே பார்க்கறவர், அவருக்கு இந்த ரெண்டும் கண்ணு முன்னாடி இருக்கணும். லேப்டாப்ல தெரியற சுட்டியைப் போன்ல இடம் போதலைன்னு முழுசா எடுத்துடறதும் ஆபத்து. கூகுள் இப்ப மொபைல் வடிவத்தைத்தான் படிக்குது. அங்க இல்லாத சுட்டி அதோட கண்ணுல படாது.

ஃபுட்டர்ல விலாசம், ஜி.எஸ்.டி. நம்பர், ஐ.இ.சி. நம்பர், மேப் சுட்டி. அங்கேரிபாளையம் ரோட்டுல உள்ள தள்ளி இருக்கற யூனிட்டுக்கு மேப்தான் விலாசம்.

காம்பாக்டிங், எம்பிராய்டரி, நிட்டிங்னு ஜாப் ஒர்க் மட்டும் பண்றவங்களுக்கு இவ்வளவு பெரிய மரம் தேவையில்லை. உங்க கஸ்டமர் இதே ஊர்க்காரர். என்ன மெஷின், எத்தனை டயா, என்ன கேஜ், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஓட்டுவீங்க, யூனிட் எங்க. மெஷின் பக்கம், போட்டோ பக்கம், கான்டாக்ட், மூணே போதும். அபௌட் வேண்டாம், உங்களை அவங்களுக்குத் தெரியும்.

ஏற்கெனவே சைட் இருக்கு, மெனுவை மட்டும் திருத்தப் போறீங்கன்னா ஒரு வேலை கூடுதலா இருக்கு. விசிட்டிங் கார்டுலயும், ஐ.கே.எஃப். கண்காட்சி வளாகத்துல கொடுத்த கேட்டலாக்லயும் க்யூ.ஆர். கோடு அடிச்சிருப்பீங்க. பக்கத்தோட முகவரி மாறினா அந்தக் கோடு எல்லாம் வீண். பதிவுகளோட பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் ஞாபகம் வெச்சுத் திருப்பி விடும், பக்கங்களுக்கு அப்படிச் செய்யாது. அதனால 'ரீடைரக்‌ஷன்' மாதிரி ப்ளக்-இன் போட்டு, பழைய முகவரி ஒவ்வொண்ணுக்கும் புது முகவரியை 301-னு பதிஞ்சு வைங்க. பழைய பட்டியல் எங்கன்னு தேட வேண்டாம். 2020-ல வந்த 5.5 பதிப்புலருந்து வேர்ட்பிரஸ் தானாவே சைட்மேப் போடுது, பப்ளிஷ் ஆன எல்லாப் பக்கமும் அதுல இருக்கும். மாத்தறதுக்கு முன்னாடி அதை ஒரு எக்செல்ல எடுத்து வெச்சுக்குங்க. ஐரோப்பாவுல 2024 ஜூலை 18-ல அமலுக்கு வந்த சட்டம், உடுப்புலயே கோடு வெச்சு அதோட விவரத்தை டிஜிட்டலா கொடுக்கற முறையைக் கொண்டு வரப் போகுது, துணிமணி அதுல முன் வரிசையில இருக்கு. முகவரியை மாத்தாம வெச்சிருக்கற பழக்கம் இப்பவே வந்துட்டா நல்லது.

எல்லாம் முடிஞ்சதும் சோதனை. உங்க கம்பெனியில வேலை செய்யாத ஒருத்தர்கிட்ட போனைக் கொடுங்க. சொந்தக்காரங்க வீட்டுப் பையனோ பொண்ணோ கூடப் போதும். கேளுங்க: 'போலோ எத்தனை ஜி.எஸ்.எம்.னு பாரு. ஓகோ-டெக்ஸ் எந்தத் தேதி வரைக்கும் இருக்கு? ஓவர்லாக் டெய்லர் வேலைக்கு யாருக்குப் போன் பண்ணணும்?' நீங்க வாயே திறக்கக் கூடாது. விரல் எங்க நிக்குது, எங்க திரும்பி வருதுன்னு மட்டும் பாருங்க. தப்பான வரியைத் தொட்டாங்கன்னா, அவங்க அதை என்னன்னு நினைச்சுத் தொட்டாங்கன்னு கேட்டு எழுதிக்குங்க. உடனே புதுப் பக்கம் போட ஓடாதீங்க, பெரும்பாலும் பேருதான் சரியில்லாம இருக்கும். மெனு ஸ்க்ரீன்ல அந்த வரியைத் திறந்தா 'நேவிகேஷன் லேபிள்'னு ஒரு கட்டம் இருக்கும், பிளாக் தீம்னா அந்த வரியோட எழுத்துமேலயே தட்டி மாத்தலாம். அவங்க சொன்ன வார்த்தையை அங்க அடிச்சு சேவ் பண்ணுங்க. பக்கமும் அதோட முகவரியும் இருந்த இடத்துலயே இருக்கும்.